தலைமேல் இருந்த தம்பி

முதலில் துரோகம் செய்தவன் தம்பிதான். ஊருக்கு நெருப்பு வைத்த படை செய்ததை மூத்தவன் என்றைக்கோ மறந்துவிட்டான். அவர்கள் அந்நியர்கள். ஒரே மண்ணில் பிசைந்து ஒரே சூளையில் வெந்த தம்பி செய்ததைத்தான் அவனால் மறக்க முடியவில்லை.

அயுத்தியா என்னும் பழைய தலைநகரத்தில், அரண்மனைச் சுவர் ஒன்றில், ஒரு காலத்தில் இரண்டு செங்கற்கள் இருந்தன. கீழே மூத்தவன், அவன் தலைமேல் தம்பி. மூத்தவன் சுமப்பான், தம்பி மூடுவான். மழையானாலும் வெயிலானாலும் தம்பியைத் தாண்டி மூத்தவனிடம் வந்ததில்லை. அவர்களுக்குள் அப்படி ஓர் ஏற்பாடு.

பிறகு நகரம் எரிந்தது. ஆற்றின் கீழ்ப்பக்கம், கடலுக்குக் கிட்டே, பேங்காக் என்னும் புதிய தலைநகரம் எழும்பியது. அதற்குச் செங்கல் வேண்டும். புதிதாகச் சுட்டு அடுக்க யாருக்கும் பொறுமை இல்லை. படகுகள் வந்தன. கடப்பாரையோடு ஆட்கள் இறங்கி, இடிந்து நின்ற சுவர்களை வரிசை வரிசையாகப் பெயர்த்து ஏற்றினார்கள்.

"சுண்ணாம்பை விடாதே. கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றான் மூத்தவன்.

தம்பி பிடித்துக்கொள்ளவில்லை. கடப்பாரை முனை பட்டதுமே கழன்று வந்தான்.

"நான் போய் இடம் பாக்கறேன் அண்ணே. அடுத்த படகுல உன்னை அழைச்சுக்கறேன்."

அடுத்த படகு வரவே இல்லை. அரண்மனை இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு அடித்தளம் மட்டும் மிஞ்சியது. அதன் உச்சியில் மூத்தவன் மொட்டையாகக் கிடந்தான். மழை நேராக அவன் தலையில் இறங்கியது. ஒரு மழைக்காலத்தில் விரிசல் விட்டது. வருஷத்துக்கு ஒரு நூல் கனம் அது கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அடிவரை போய்விட்டால் அவன் இரண்டு துண்டு. துண்டுகளைக் கூட்டிப் பெருக்கிக் குப்பையில் தள்ளிவிடுவார்கள்.

பக்கத்திலேயே கோயில். அங்கே தலை போன புத்தர் சிலை ஒன்று உட்கார்ந்திருந்தது. வாய் இல்லாததால் நெஞ்சிலிருந்து பேசும்.

"இன்னும் படகுத் துறையையே பாத்துக்கிட்டிருக்கியா? அந்தப் படகெல்லாம் மக்கி எத்தனையோ காலமாச்சு."

"உனக்குக் கண்ணே கிடையாது. நான் எங்க பாக்கறேன்னு நீ கண்டியா?" என்பான் மூத்தவன்.

அவனுக்கு அந்தச் சிலைமேல் பொறாமையும் உண்டு. அங்கேயும் சித்திரையில்தான் வருஷம் பிறக்கிறது. அப்போது ஊர் ஜனம் வாளி வாளியாக மணல் கொண்டுவந்து கோயிலில் குவிக்கும். வருஷம் முழுக்கக் கோயிலுக்கு வந்துபோனதில் காலோடு ஒட்டிப்போன மண்ணைத் திருப்பிக் கொடுப்பதாம். மணல் குவியலில் காகிதக் கொடி குத்தி, பூ வைத்து, கும்பிட்டுவிட்டுப் போவார்கள். கோயிலுக்குத் தூசி தும்பு கூடத் திரும்பி வருகிறது. அரண்மனைக்கு ஒரு செங்கல் திரும்பி வந்ததில்லை.

அப்படி ஒரு சித்திரையில், மணல் வாளிகளோடு கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வந்த ஒரு தம்பதி அங்கே வந்தார்கள். கணவர் மாசிலாமணிக்கு வயது அறுபதுக்குமேல். காலையில் வேறொரு கோயிலில், மர வேருக்குள் சிக்கிய புத்தர் தலை முன்னால், அதைவிடத் தாழ்ந்து குந்திப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். முட்டி பிடித்துக்கொண்டது.

"அரண்மனைன்னு இட்டாந்தான் இந்த கைடு. கடகாலைக் காட்டறான்" என்று சொல்லிக்கொண்டே அடித்தளத்தின்மேல் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். "பேங்காக்ல லாட்ஜுக்கு எதிரே பழைய மதிலை இடிச்சுக்கிட்டிருந்தான் பாரு, அதுக்குள்ள நடந்தப்பவே ஏதோ உள்ள பூந்துட்டுது. ரெண்டு நாளா குத்துது."

"அதை அங்கயே உதறறதுக்கு என்னங்க?" என்றாள் கோமளவல்லி.

"குனிஞ்சாத்தானே உதற?"

ஷூவைக் கவிழ்த்துத் தட்டினார். மூத்தவன் தலையில் கொஞ்சம் தூசி விழுந்தது. அதில் சிவப்பாக ஒரு பொடி.

"அண்ணே" என்றது அது.

மூத்தவன் படகுத் துறைப் பக்கமே பார்த்திருந்தான்.

"நான்தாண்ணே. நம்மைக் காயவெச்சிருந்தப்ப நாய்க்குட்டி ஒண்ணு மேல ஓடுச்சே. அதோட அடி பாதி உம்மேல, பாதி எம்மேல."

மூத்தவனின் பக்கவாட்டில் பாதிப் பாதத் தடம் இன்னும் இருந்தது. அது வேறு யாருக்கும் தெரியாது.

"இத்தனை காலம் எங்கடா இருந்தே?"

"மதில்ல அடி வரிசையில போட்டுட்டாங்க. எம்மேல நூறு பேரு. அண்ணனைக் கூட்டிவான்னு கொத்தனார்கிட்ட முதல் நாளே சொன்னேன். அவன் காதுல விழல. இப்ப ரோட்டுக்காக இடிச்சாங்க. நொறுங்கிட்டேன். மிச்சம் இவ்வளவுதான்." பொடி கொஞ்சம் நகர்ந்தது. "உன் விரிசல்ல இறங்கிக்கறேன். மழைத் தண்ணி முன்ன மாதிரி உள்ள போகாது. என்னால ஆனது அதான்."

மூத்தவனுக்கு உள்ளே ஏதோ இளகியது. இளகியதுதான் அவனுக்கு ஆத்திரமாக இருந்தது.

"என் தலையிலேருந்து போனது முழுச் செங்கல். முழுசா வா, ஏத்துக்கறேன். பொடியை வாங்கிக்கிட்டு சரியாப் போச்சுன்னு சொல்ல நான் என்ன பிச்சைக்காரனா?"

கோயில் பக்கமிருந்து சிலை குரல் கொடுத்தது. "உள்ள விடுப்பா அவனை."

"நீ பேசுவே. உனக்கு வருஷா வருஷம் வருது."

"எனக்குப் போனது தலை. வர்றது மணல். ரெண்டும் ஒண்ணுன்னா நினைக்கறே?"

மூத்தவன் விரிசலை இறுக்கிக்கொண்டான்.

"முதல்ல கையை விட்டது அவன். அதை அவன் வாயால சொல்லட்டும்."

தம்பி சொல்லியிருப்பான். சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கோமளவல்லி குனிந்தாள். வாளிகளோடு போகிறவர்களைப் பற்றி அவள் வழிகாட்டியிடம் விசாரித்துவிட்டு வந்திருந்தாள்.

"ஏங்க, கோயில் மண்ணு காலோட வந்தாலே பாவமாம். அதைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போடறாங்களாம். நாம காலையில செருப்புக் காலோட கோயில் கோயிலா மிதிச்சிருக்கோம். அந்த மண்ணையா இங்க கொட்டினீங்க?"

"அது அந்த மதில் இடிச்ச தூசிடி."

"நீங்க கண்டீங்களா? எதுக்கு வம்பு? கொண்டுபோய்ப் போட்டுருவோம்."

முந்தானை நுனியால் மூத்தவன் தலையைச் சுத்தமாகத் துடைத்து எடுத்தாள். ஒரு பொட்டுகூட விடவில்லை.

"அது கோயிலுது இல்லே! எனக்கு வர வேண்டியது!" என்று மூத்தவன் கத்தினான். செங்கல் கத்தி மனுஷர் காதில் எப்போது விழுந்தது? அவள் கோயிலுக்குள் போய், மணல் குவியலில் முந்தானையை உதறி, கைகூப்பி, கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினாள். மாசிலாமணி ஷூவை மாட்டிக்கொண்டு, "இப்பக் குத்தலை" என்றார். இருவரும் வேனுக்குப் போனார்கள்.

மூன்று நாள் அந்தக் குவியலிலிருந்து, "அண்ணே, நான்தான் விட்டேன், நான்தான் விட்டேன்" என்று ஒரு குரல் வந்துகொண்டிருந்தது.

"கேக்குதா?" என்றது சிலை. "கூப்பிட்டுப் பதில் சொல்லேன்."

"முழுசா வரட்டும்" என்றான் மூத்தவன். அவன் கேட்டது தப்பும் இல்லை. போனது முழுச் செங்கல்தான்.

நாலாம் நாள் ஆட்கள் வந்து கோயில் நடைபாதையின் பள்ளங்களில் அந்த மணலைக் கொட்டித் திமிசு போட்டு இறுக்கினார்கள். அதற்குப்பின் குரல் இல்லை.

அன்று சாயங்காலம் கோடை மழை இறங்கியது. விரிசல் ஒரே மழையில் பாதிக்குக் கீழே போய்விட்டது.

"வலிக்குதா?" என்று சிலை கேட்டது.

"முழுச் செங்கல்" என்றான் மூத்தவன். "அவன் எனக்கு ஒரு முழுச் செங்கல் தரணும்."