சவரிராயன் நீட்டிய இடக்கை

இடக்கையை நீட்டியே ஒரு ரயிலை நிறுத்திய வரலாற்றை முதன்முதலில் என்னிடம் சொன்னவர் சாஃப்ட்பால் நடுவர் சவரிராயன். அவருக்கு முன் அதை எவரும் சொன்னதில்லை. பின்னும் எவரும் சொல்லக் கேட்டதில்லை. ஆகவே அதற்கான முழுப் பெருமையும் அவரையே சேரும்.

நெல்லைப் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானத்தின் விளையாட்டுப் பொருள் அறையில், நண்பகல் பன்னிரண்டரைக்கு அதைச் சொன்னார். பள்ளிகளுக்கு இடையிலான போட்டியின் அரையிறுதி அப்போதுதான் முடிந்திருந்தது. முடிந்ததா இல்லையா என்பதே வழக்கு. அந்த ஆண்டு உடற்கல்வி ஆசிரியை விடுப்பில் இருந்ததால் அணியை நான் அழைத்துப் போயிருந்தேன். என் மாணவியர் பதினான்கு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். என் முறையீடு செல்லுமானால் அவர்கள் மீண்டும் மைதானத்தில் இறங்கலாம். செல்லாவிட்டால் இரண்டு மணிப் பேருந்தில் ஏற வேண்டியதுதான்.

நடந்தது இது. கடைசி இன்னிங்ஸ், நாங்கள் ஒரு ரன் பின்தங்கியிருந்தோம், இருவர் அவுட்டாகிவிட்டார்கள், மூன்றாவது அவுட்டோடு ஆட்டம் முடிந்துவிடும். ஒரு ரன்னுக்கு ஓடித் தொட வேண்டிய நான்கு பேஸ்களில் இரண்டாவதில் எங்கள் முத்துப்பேச்சி நின்றாள். எதிரணியில் பந்து எறியும் பிட்சர் பந்தை விடும்போது தரையை விட்டு எழக் கூடாத காலை எழுப்பித் துள்ளினாள். அது முதல் விதிமீறல். எங்கள் பெண் அந்தப் பந்தை அடித்துவிட்டு முதல் பேஸை அடைந்தாள். முத்துப்பேச்சி மூன்றாவது பேஸை நோக்கி ஓடினாள். கையில் பந்தே இல்லாத எதிரணிப் பெண் ஒருத்தி அவள் வழியில் குறுக்கே நின்றாள். அது இரண்டாவது. மோதி விழுந்தவள் எழுவதற்குள் பந்து வந்தது, பந்தால் அவளைத் தொட்டார்கள், சவரிராயன் "அவுட்" என்றார்.

இத்தகைய விதிமீறலைக் கண்டால் நடுவர் இடக்கையைப் பக்கவாட்டில் நீட்டிக் காட்ட வேண்டும். ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. ஓட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, நடந்த பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவர் கை நீண்டது என்றோம் நாங்கள். முதுகைச் சொறிந்துகொண்டார் என்றது எதிரணி. வென்றால் திரும்பக் கிடைக்கும் ஐந்நூறு ரூபாய் கட்டணத்தோடு எழுத்துமூலம் முறையீடு கொடுத்தேன்.

விசாரித்தவர் கோமதிநாயகம், ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர், அளந்து பேசுபவர். தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்: நடுவர் பார்க்காமல் விட்டதற்கு முறையீடு கிடையாது, பார்த்துவிட்டு விதியைத் தவறாகப் போட்டிருந்தால் மட்டுமே உண்டு. ஆகவே "பார்க்கவில்லை" என்ற ஒரே சொல்லில் சவரிராயன் தப்பித்து வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தச் சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை.

"என்னவே சவரி, பாத்தீரா, பாக்கலையா? அதைச் சொல்லும், போதும்."

"அண்ணாச்சி, என்னையப் போயி இந்தக் கேள்வி கேக்கீய. நாகர்கோவில்ல ஒரு மேட்ச். ஒரே ஆட்டத்துல ஏழு தப்பு. பிட்சர் ரெண்டு, கேட்சர் ஒண்ணு, ஓடுன பிள்ள பேஸை மிதிக்கல, கோச்சு உள்ள வந்து அவளத் தூக்கி விட்டாரு, வேடிக்க பாத்தவன் ஒருத்தன் பந்தை எடுத்துப் பையில போட்டுக்கிட்டான்."

ஸ்கோர் எழுதும் ஷகிலா பானு பேனாவை நிறுத்தினாள். "ஆறுதான் சார் ஆகுது."

"ஏழாவது அந்தப் பையிம்மா. அது கோட்டுக்கு உள்ளல்லா கெடந்துச்சு. ஏழு தப்புக்கும் ஏழு தடவ கை நீட்டணும். மடக்க நேரமில்ல. நீட்டுன கைய அப்பிடியே மேல மேல நீட்டுனேன். ஏழாவது நீட்டுக்கு எம் விரலு போயி பவுண்டரில நின்ன பிள்ளையோட தொப்பிய இடிச்சுட்டு."

அந்தக் கையின் நீளத்தை நான் கண்ணால் அளந்தேன். தேநீர்க் குவளையை எடுப்பதற்கே அவர் நாற்காலியை முன்னால் இழுக்க வேண்டியிருந்தது.

"சரி, இன்னிக்குக் காலைல நடந்ததுக்கு வாரும்" என்றார் கோமதிநாயகம்.

"வாரேன் அண்ணாச்சி. அதுக்கு முன்னால குத்தாலம். சாரல் நேரம். அடிச்ச பந்து அருவிக்குள்ள போயிட்டு. பந்து கைக்கு வராம ஆட்டம் முடியாதுல்லா? ரெண்டு டீமும் ஓடுது, விழுது, தப்பு பண்ணுது, மறுபடி ஓடுது. நான் நீட்டுன கைய எறக்கவே இல்ல. மூணாம் நாளு ஒரு காக்கா வந்து மணிக்கட்டுல கூடு கட்டிட்டு."

"மூணு நாளும் சாப்பாட்டுக்கு என்ன சார் செஞ்சீங்க?"

"வலது கை சும்மாதானம்மா இருந்துச்சு."

ஷகிலா பானு அதைக் குறிப்பில் எழுதினாள். எழுதும்போது அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நல்ல பயிற்சி பெற்ற பெண்.

"நாலு முட்ட. குஞ்சு பொரிச்சு, எறகு மொளைச்சு, பறந்ததுக்கு அப்புறந்தான் தீர்ப்பு சொன்னேன். மொத்தம் இருபத்துமூணு தப்பு. அதுல ஒண்ணு காக்கா பண்ணது."

"காக்காய்க்கு என்ன தண்டனை?" என்று கேட்டேன்.

"எச்சரிக்க பண்ணி விட்டுட்டேன் டீச்சரம்மா. முதல் தடவல்லா."

மணி ஒன்றைக் கடந்தது. முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு முத்துப்பேச்சி வாசலில் வந்து நின்றாள். "பையக் கட்டச் சொல்லவா டீச்சர்? கண்டக்டர் எடம் பிடிக்கச் சொல்லுதாரு."

"பொறு" என்றேன்.

அவளுடைய முழங்காலைச் சவரிராயன் பார்த்தார். உடனே பார்வையைக் கூரைக்கு மாற்றிக்கொண்டார். கதையின் வேகம் கூடியது.

"மணியாச்சிப் பக்கம் ஒரு கிரவுண்டு. தண்டவாளத்த ஒட்டி. தப்பு நடந்துச்சு, கைய நீட்டுனேன். அந்நேரம் மெட்ராஸ் எக்ஸ்பிரஸ் வருது. டிரைவரு எங் கையப் பாத்துக் கைகாட்டின்னு நெனச்சு வண்டிய நிறுத்திட்டாரு. எறக்குனா வண்டி போயிரும், ஆனா ஆட்டம் செத்துரும். எறக்கலைன்னா ஆட்டம் நடக்கும், ஆனா வண்டி நிக்கும். என்ன செய்ய?"

"என்னவே செஞ்சீரு?" கோமதிநாயகமே கேட்டுவிட்டார். அதற்காக அவர் பின்னர் வருந்தியிருக்கக்கூடும்.

"இருபத்திரெண்டு பெட்டி சனத்தையும் எறங்கச் சொல்லி, கிரவுண்டச் சுத்திச் சாட்சியா நிறுத்திட்டேன். முப்பத்தொம்பது தப்பு அண்ணாச்சி. ஒண்ணக்கூட எழுதி வைக்கல. யாரு, எப்ப, எந்தக் கால்னு வரிசையா ஒப்பிச்சேன். கார்டு அழுதுட்டாரு. அன்னைலேருந்து அந்த வண்டி அந்த எடத்துல ஒரு நிமிசம் நின்னுதான் போவும், எனக்கு மரியாத பண்ணி."

"அங்க நிக்காது சார். நான் வாராவாரம் அதுலதான் போறேன்" என்றாள் ஷகிலா பானு.

"நீ தூங்கிருப்ப."

அறையில் இதற்குமேல் கேட்பதற்கு எவருக்கும் பொறுமை இல்லை. நான் சவரிராயனை விட்டுவிட்டுக் கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பினேன்.

"ஐயா, இவரை இதற்குமேல் தொந்தரவு செய்ய வேண்டாம். இவர் எதையும் பார்க்கவில்லை. பார்க்கும் வயதும் இல்லை. பாவம், பத்தடி தூரத்தில் ஒரு பெண் விழுந்ததே தெரியாதவரிடம் பிட்சரின் காலைப் பற்றிக் கேட்பது நியாயமா? முறையீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சாஃப்ட்பால் சங்கத்தார் இவருக்கு ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் நல்லது."

சவரிராயன் எழுந்துவிட்டார்.

"யாருக்குக் கண்ணு தெரியல? டீச்சரம்மா, பிட்சர் பிள்ளையோட வலது காலு நாலு விரக்கடை எழும்புச்சு. எழும்புன காலுல ஷூ நாடா அவுந்து கெடந்துச்சு. அதைப் பாத்தேன். குறுக்க நின்னாளே ஒரு பிள்ள, பன்னெண்டாம் நம்பர், பந்து வர்றதுக்கு முன்னாலயே வந்து நின்னா. அதையும் பாத்தேன். ரெண்டுக்கும் கை நீட்டுனேன். முதுகு சொறிஞ்சேனாம்லா!"

"ரெண்டையும் பாத்தீரு" என்றார் கோமதிநாயகம் மெதுவாக. "பொறவு எதுக்குவே அவுட் குடுத்தீரு?"

"ஒரே ஆட்டத்துல ரெண்டு தப்பு. ஒண்ணுக்கு ஒண்ணு கழிச்சுட்டேன். மீதி ஒண்ணுமில்ல. அதான் அவுட்."

"ரெண்டு தப்பையும் பண்ணது ஒரே டீமுவே."

முப்பத்தொன்பது பிழைகளை ஒப்பித்த நாவுக்கு இரண்டைக் கூட்டத் தெரியவில்லை. ஒருவன் இரண்டு முறை திருடினால் திருட்டே நடக்கவில்லை என்று கணக்குப் போடும் மனிதரிடம்தான் ஒரு விசிலைக் கொடுத்து மைதானத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள்.

ஷகிலா பானு அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிக் கையொப்பத்துக்கு நீட்டினாள். அவர் போட்டார். கோமதிநாயகம் தீர்ப்பைப் படித்தார்: குறுக்கே நின்றதற்காக முத்துப்பேச்சிக்கு மூன்றாவது பேஸ், அடித்தவளுக்கு முதல் பேஸ், இருவருமே ஒவ்வொரு பேஸ் முன்னேறிவிட்டதால் பிட்சரின் பிழைக்குத் தனித் தண்டனை இல்லை, ஆட்டம் அந்த இடத்திலிருந்து தொடரும், வேறு நடுவரோடு. இரண்டு மணிப் பேருந்து எங்கள் பெண்கள் இல்லாமல் புறப்பட்டது. அடுத்து ஆட வந்தவள் பந்தை இரண்டு பேருக்கு நடுவே தட்டிவிட, முத்துப்பேச்சி கட்டுப் போட்ட காலோடு ஓடி வந்து சமன் செய்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவள் வெற்றி ரன்னை எடுத்தாள்.

ஓராண்டு கழித்து, நடுவர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றுக்கு என்னை அழைத்திருந்தார்கள். நான் பின்வரிசையில் அமர்ந்தபோது மேடையில் சவரிராயன் பேசிக்கொண்டிருந்தார்.

"...எந் தீர்ப்பு தப்புன்னு எனக்கே தோணுச்சு. விடுவனா? எம்மேல நானே புரொட்டஸ்ட் எழுதிக் குடுத்தேன். நானே வாதாடி, நானே தோத்தேன், நானே ஜெயிச்சேன். கட்டணம் அஞ்சாயிரம், எங் கைக்காசு. அந்தப் பிள்ளைக ஜெயிக்கணும்னு கட்டுனேன். இன்னைக்கு வரைக்கும் திருப்பிக் கேக்கல."

இளைஞர்கள் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். கைதட்டல் அடங்கியது, அவர் முகமும் அடங்கியது.

"கட்டணம் ஐந்நூறு. கட்டியவள் நான். மூன்று கடிதம் எழுதிக் கேட்டவளும் நான். பதினோரு மாதம் கழித்துச் சங்கத்திலிருந்து மணியார்டரில் திரும்பி வந்தது. அனுப்பும் செலவை அதிலேயே பிடித்துக்கொண்டார்கள். கைக்கு வந்தது ரூபாய் நானூற்று எழுபத்தைந்து மட்டும்."