உணவுக்கூடத்து வாசலில் ஓர் எல்லை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்டால் எனக்கும் தெரியாது, பூபதிராயன் என்றோர் அரசன் இருந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் காலையில் எழுந்ததும் ஏதாவது ஓர் ஆசை வந்துவிடும். அன்றைக்கு அரண்மனையில் எவனாவது ஒருவன் மாட்டிக்கொள்வான்.

அக்கம்பக்கத்து அரசர்கள் ஐந்து பேர் கூடி ஓர் உடன்படிக்கை செய்திருந்தார்கள். ஐந்து நாட்டு மக்களும் ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தடையில்லாமல் போகலாம், வரலாம். எல்லையில் யாரும் யாரையும் நிறுத்தக் கூடாது. ஆறாவதாகப் பூபதிராயனையும் சேரச் சொல்லி ஓலை வந்தது. பதில் வாங்கத் தூதர்கள் வரும் நாளும் குறித்தாகிவிட்டது.

"சேர்ந்துவிடுங்கள் அரசே" என்றான் அரசவை விகடகவி மருதையன். எல்லைக்காவல் அதிகாரி கோளரிநாதருக்கு இது பிடிக்கவில்லை. எல்லைச் சாவடிகள் அத்தனையும் அவர் கையில். எப்பேர்ப்பட்ட சீமானும் அங்கே கைகட்டித்தான் நிற்க வேண்டும். அந்தச் சுகம் போய்விடுமே! போதாததற்கு, மருதையன் வாய் திறந்தாலே அரசன் சிரிப்பதைப் பார்த்து அவருக்கு எப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

அன்று அரசனுக்கு வந்த ஆசை இது: "நம் எல்லையை நான் ஒருநாளும் பார்த்ததில்லையே! பார்க்காத பொருளை எப்படி விட்டுக்கொடுப்பது? பல்லக்கில் இரண்டு நாள் குலுங்கிப் போக என் இடுப்பு இடம் தராது. எல்லையை இங்கே கொண்டுவாருங்கள்."

கோளரிநாதர் எழுந்தார். "மாமன்னரே, சேரச் சொன்னவர் மருதையன். அவரே கொண்டுவருவதுதான் முறை. எட்டு நாளில் கொண்டுவராவிட்டால், அதே எல்லைக்கு அப்பால் அவரைத் துரத்திவிடலாம்."

"ஆகட்டும்" என்றான் அரசன். உடனே ஓலையும் எழுதியாகிவிட்டது.

மருதையனின் மனைவி கோதை சேதி கேட்டு அழவில்லை. அம்மிக்கல்லை அசைத்துப் பார்த்தாள். "இதைத் தூக்கிட்டுப் போக முடியாது போலிருக்கே" என்றாள். மருதையனுக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்ததும் வளர்ந்ததும் இந்த ஊர்தான். வேறு ஊரில் தன் பேச்சுக்கு யார் சிரிப்பார்கள் என்று நினைத்தபோது அவனுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

மறுநாளே கிளம்பி ஆற்றங்கரைச் சாவடிக்குப் போனான். பாலத்தின் குறுக்கே ஒரு மூங்கில் கழி. பக்கத்தில் காவலன் இருளப்பன். நாட்டைவிட்டுப் போகிறவர்களின் வலது உள்ளங்கையில் மை முத்திரை குத்துவது அவன் வேலை. திரும்பி வரும்போது முத்திரையைக் காட்டினால்தான் கழியைத் தூக்குவான். அழிந்திருந்தால் அக்கரையிலேயே நிற்க வேண்டியதுதான்.

அக்கரையில் தங்கள் முறைக்காக ஒரு கூட்டமே நின்றது. ஒருவன் முத்திரை அழியாமலிருக்க இடது கையால் கட்டுச்சோறு தின்றுகொண்டிருந்தான். ஒருத்தி தன் புருஷனுக்கு ஊட்டிவிட்டாள். வியர்வையைத் துடைத்து முத்திரையைத் தொலைத்த இன்னொருவன், "என் வீடு அதோ தெரியுது சாமி! அடுப்புப் புகைகூடத் தெரியுது!" என்று அழுதான். மருதையனுக்கு மனசு தாங்கவில்லை.

"இருளப்பா, இவரை விட்டால் என்ன?"

"எழுதியிருக்கிறபடிதாங்க நான்" என்று இருளப்பன் ஓர் ஓலையை நீட்டினான். 'யாராயினும், அரசனே ஆயினும், முத்திரை இல்லாமல் விடாதே. விடுகிறவன் நாடு கடத்தப்படுவான்.' எழுதியவர் கோளரிநாதர். கீழே அரசனின் ஒப்பமும் இருந்தது.

மருதையன் அதை இரண்டு முறை படித்தான். பிறகு தன் ஓலையைக் காட்டினான். "எல்லையைக் கொண்டுவா என்று இதில் எழுதியிருக்கிறது. கழியை எடுத்துக்கொண்டு கிளம்பு."

எழுத்தில் இருந்துவிட்டால் இருளப்பனுக்கு மறுபேச்சுக் கிடையாது. கழியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அக்கரைக் கூட்டம் ஓட்டமாக ஓடி வீடு போய்ச் சேர்ந்தது.

எட்டாம் நாள். சபாமண்டபத்துக்கும் உணவுக்கூடத்துக்கும் நடுவிலுள்ள வாசலில் கழியை வைத்து, பக்கத்தில் இருளப்பனையும் நிறுத்திவிட்டு, "அரசே, எல்லை" என்றான் மருதையன்.

கோளரிநாதர் இடிஇடியென்று சிரித்தார். "இது வெறும் மூங்கில் கழி!"

"வெறும் கழிதான் என்றால் நான் தோற்றேன். ஆனால் வெறும் கழியைக் காட்டி இத்தனை காலம் மக்களை ஏன் நிறுத்தினீர்கள்?"

கோளரிநாதர் சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "இல்லை... இது எல்லைதான். கழியும் காவலனும் எங்கேயோ, அங்கே எல்லை. நான் வகுத்த விதி."

"இவ்வளவுதானா எல்லை?" அரசனுக்குச் சப்பென்று போய்விட்டது. "பார்க்க ஒன்றுமே இல்லையே!"

"சாப்பிட்டு வாருங்கள் அரசே. திரும்பும்போது நன்றாகத் தெரியும்."

அரசன் வாசலுக்குப் போனான். யார், எந்த ஊர், எதற்குப் போகிறீர் என்று இருளப்பன் கேட்டான். "பூபதிராயன். இதே ஊர். சாப்பிடப் போகிறேன்" என்று அரசன் குஷியாகச் சொல்லிக் கையை நீட்டி முத்திரை வாங்கிக்கொண்டான். உள்ளே போய்க் கைகழுவி, வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமுமாக ஒரு பிடி பிடித்து, மறுபடி கைகழுவி, ஏப்பம் விட்டபடி வந்தான்.

"கையைக் காட்டுங்க."

காட்டினான். மையின் சுவடே இல்லை.

"அழிஞ்சிருக்கே. விட முடியாதுங்க."

"அடேய், நான் அரசன்!"

"தெரியுங்க. ஓலையிலேயே உங்களைப் பத்தி எழுதியிருக்கு."

"கோளரிநாதரே, விடச் சொல்லும்!"

கோளரிநாதர் ஓடிவந்து கழியைப் பிடித்தார். "விடுகிறவன் நாடு கடத்தப்படுவான்" என்று மருதையன் இருளப்பனின் ஓலையிலிருந்து மெதுவாகப் படித்தான். பிடித்த கை அப்படியே நின்றது. "மாமன்னரே, தாங்கள் ஒரு மனு எழுதித் தந்தால்... விசாரித்து... நான்கு மாதத்துக்குள்..."

"நான்கு மாதமா? என் சிம்மாசனம் அதோ தெரிகிறதய்யா!"

"அரசே, கழியையே எடுத்துவிடச் சொல்லுங்கள்" என்றான் மருதையன். "எல்லையே இல்லாத இடத்தில் யாரும் யாரையும் விட வேண்டியதில்லை. எந்த விதியும் மீறப்படாது."

அரசன் கோளரிநாதரைப் பார்த்தான். "இது உமக்குத் தோன்றவில்லையா?" அவர் கழியை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். அரசனைச் சபைக்குள் விட அவருக்கு ஆசைதான். கழியை விடத்தான் மனசு வரவில்லை.

"எல்லைச் சாவடிகளிலும் இப்படித்தான் நிற்கிறார்களா, மருதையா?"

"வெயிலில் நிற்கிறார்கள் அரசே. பசியோடு."

அரசன் தன் வெறும் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு குரலை உயர்த்தினான். "உடன்படிக்கையில் சேர்கிறோம். எடு கழியை! கோளரிநாதரே, நீர் நாளைக்கே போய் எல்லாச் சாவடியிலும் நீர்மோர்ப் பந்தல் போடும். வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். சாப்பிட்டீர்களா என்று."

கோளரிநாதரால் பொறுக்க முடியவில்லை. "மாமன்னரே, இவன் கொண்டுவந்தது ஒரே ஒரு சாவடி! எல்லை முழுதும் வரவில்லை. வாக்குப்படி இவனை நாடு கடத்த வேண்டும்!"

மருதையன் அரசனைப் பார்த்தான். அரசனின் தொப்பை முதலில் குலுங்கியது, பிறகுதான் சத்தம் வந்தது. "கடத்தலாமே, தாராளமாகக் கடத்தலாம்! திரும்பி வந்தால் தடுக்க யாரய்யா இருக்கிறார்கள்? காலையில் துரத்தினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து நிற்பானே!"

சபையே சிரித்தது. "அதையும் எழுதிக் குடுத்துடுங்க" என்றான் இருளப்பன்.

சிரித்துக் கண்ணில் நீர் வர, அரசன் தன் மோதிரத்தைக் கழற்றி மருதையன் விரலில் போட்டான். கையைப் பிடித்து உணவுக்கூடத்துக்கு அழைத்துப்போய், பக்கத்தில் உட்காரவைத்து இலை போடச் சொன்னான். எட்டு நாளாகச் சோறு இறங்காத மருதையன் அன்று ரசத்தை மட்டும் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.