மிர்லா மடலுக்கு ஒரு தலைப்பு

பாக்கியநாதன் அன்றைக்கு மாடிப்படி ஏறும்போதே பேசிக்கொண்டுதான் ஏறினார்.

"இதுக்கு மேல என்னால முடியாது மேடம். இந்த மாசத்தோட மடலை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

ஷாகிரா பானு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முதல்ல உட்காருங்க சார். மூச்சு வாங்குது உங்களுக்கு."

பாக்கியநாதனுக்கு அறுபத்திரண்டு வயது. பானுவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர்களில் பானுதான் குரு, பாக்கியநாதன்தான் சீடர். மிர்லா என்கிற கணினி மொழியில் நிரல் எழுதியே ஒரு வங்கியில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர் அவர். பானுவோ அந்த மொழியின் வயிற்றுக்குள்ளேயே கைவிட்டுப் பழுது பார்ப்பவர். உலகத்தில் அப்படிப்பட்டவர்கள் இப்போது ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள். 'எனக்கும் கற்றுக்கொடுங்கள்' என்று பாக்கியநாதன் வந்து நின்றபோது பானு ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். மிர்லா அன்பர்களின் இணையக் குழுவைக் கவனித்துக்கொள்ள வேண்டும். அங்கே நடப்பதைத் தொகுத்து மாதம் ஒரு மடல் போட வேண்டும்.

அந்தக் குழுதான் அவர் ரத்தக் கொதிப்பை ஏற்றியிருந்தது.

"ஒருத்தன் மிர்லா செத்துப்போச்சுங்கறான். இன்னொருத்தன், செத்திருந்தா எனக்கு எப்படிய்யா சம்பளம் வருதுங்கறான். பேரை மாத்தினா எல்லாம் சரியாயிடும்னு ஒரு கூட்டம். நம்ம சின்னத்துல ஆமை இருக்கறதாலதான் பசங்க வரமாட்டேங்கறாங்க, குதிரையைப் போடுன்னு ஒரு கூட்டம். ஆமையைத் தொட்டா விலகிடுவோம்னு இன்னொரு கூட்டம். ஒரு வாரமா இதே கூத்து மேடம்!"

"நீங்க எந்தக் கூட்டம்?"

"நான் நடுநிலை. மிர்லா பிறந்ததுலேர்ந்து ஆரம்பிச்சு, விளக்கமா, பொறுமையா எழுதினேன். இருக்கறதுலயே நீளமானது என்னோடதுதான். படிச்சவன் ஒருத்தனும் இல்ல."

பானு லேசாகத் தலையாட்டினார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். மிர்லா உயிரோட இருக்கா, இல்லையா? நீங்க சொல்லிட்டா அப்பீல் கிடையாது. அதையே மடல்ல போட்டு எல்லார் வாயையும் அடைச்சுடறேன்."

"சண்டை எங்க ஆரம்பிச்சுது?"

"எவளோ ஒரு பொண்ணு. 'கிழட்டு மொழி'ன்னு எழுதிட்டா. அவ்வளவுதான், பத்திக்கிச்சு."

"எதுக்காக அப்படி எழுதினாங்க?"

பாக்கியநாதன் யோசித்தார். "அது… ஏதோ வால்வு, கீல்வுன்னு…"

"எடுங்க. சத்தமாப் படிங்க."

கைப்பேசியில் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். ஆமை போயிற்று, குதிரை போயிற்று, அவருடைய நீளமான விளக்கமும் போயிற்று. கடைசியில் அது கிடைத்தது. படித்தார்.

"வணக்கம். என் பெயர் இசக்கியம்மாள். பேரூராட்சிக் குடிநீர்ப் பிரிவில் உதவிப் பொறியாளர். எங்கள் ஊரில் வார்டுகளுக்குத் தண்ணீர் விடும் வால்வுகளை மிர்லாவில் எழுதிய நிரல்தான் திறந்து மூடுகிறது. பழைய கணினி போய்விட்டதால் புதிது வாங்கி, மிர்லாவின் புதுப் பதிப்பைப் போட்டோம். அன்றிலிருந்து முதல் வார்டு வால்வு மட்டும் திறக்கவில்லை. கையால் திறக்கிற சக்கரம் துருப்பிடித்து அசையமாட்டேன் என்கிறது. ஜனங்கள் காலிக்குடத்தோடு ரோட்டை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். இந்தக் கிழட்டு மொழியோடு மாரடிக்க என்னால் ஆகவில்லை. தெரிந்தவர்கள் யாராவது கூப்பிடுங்கள்."

கீழே தொலைபேசி எண் இருந்தது.

"பதில்?" என்றார் பானு.

"முதல் பதில்… 'கிழட்டு மொழி என்று சொல்ல உங்களுக்கு என்ன தகுதி?'"

"ரெண்டாவது?"

"'அவர் சொன்னதில் என்ன தப்பு?'"

"மூணாவது?"

பாக்கியநாதன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "அது என்னோடது."

பானு முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினார். "போன வாரம் முழுக்க நான் ஊர்ல இல்ல. குழுவைப் பார்த்துக்கங்கன்னு உங்ககிட்டதானே சார் சொல்லிட்டுப் போனேன்?"

"பார்த்துக்கிட்டுத்தான் மேடம் இருந்தேன். கண் மூடாம பார்த்தேன்."

பானு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்த எண்ணைத் தன் கைப்பேசியில் அழுத்தி, மணி அடிக்கத் தொடங்கியதும் அவர் கையில் கொடுத்தார்.

"ஹலோ, யாரு?" பின்னால் ஒரே கூச்சல்.

"நான் மிர்லா மடல் ஆசிரியர் பாக்கியநாதன் பேசறேன்."

"மறுபடியும் ஏசப் போறீங்களா சார்? இப்ப நேரமில்ல. இங்க ஏற்கெனவே ஊரே ஏசிக்கிட்டு இருக்கு."

"இல்லம்மா. அதுக்குக் கூப்பிடல. உங்க நிரல்ல வார்டு எண்ணிக்கை எதிலேர்ந்து ஆரம்பிக்குது?"

"ஒண்ணுலேர்ந்துதான். வார்டு ஒண்ணுலேர்ந்துதானே சார் ஆரம்பிக்கும்?"

அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பழைய மிர்லா ஒன்றிலிருந்து எண்ணும். புதிய மிர்லா பூஜ்யத்திலிருந்து எண்ணும். நிரல் 'ஒன்று' என்று கூப்பிட்டால் இரண்டாவது வால்வு திறக்கிறது. முதல் வால்வை யாரும் கூப்பிடவே இல்லை. இந்த மாற்றம் வந்தபோது அதைக் கொண்டாடிச் சிறப்பு மடலே போட்டவர் அவர்.

"அம்மா, நிரலைத் திறங்க. தலையில, எல்லாத்துக்கும் மேல, பழையபடி ஒண்ணுலேர்ந்தே எண்ணுன்னு ஒரே ஒரு வரி சேர்க்கணும். நான் சொல்லச் சொல்ல அடிங்க."

எழுத்து எழுத்தாகச் சொன்னார். அந்தப் பெண் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி அடித்தாள். பானு குறுக்கே பேசவில்லை. ஒரு இடத்தில் பாக்கியநாதன் தவறாகச் சொன்னபோது மட்டும் மேசையை விரலால் தட்டினார். அவர் திருத்திச் சொன்னார்.

"இப்ப ஓட விடுங்க."

பாக்கியநாதன் நாற்காலி விளிம்புக்கே வந்துவிட்டார்.

"சார்…" இசக்கியம்மாளின் குரல் நடுங்கியது. "மோட்டார் சத்தம் கேக்கு. முதல் வால்வு சார்! முதல் வால்வு திறக்கு! ஆனா குழாய் காஞ்சு கிடந்ததுல்லா, எங்கயும் அடைச்சிருக்கோ என்னமோ. நான் தெருவுக்குப் போய்ப் பாக்கேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பாக்கியநாதன் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். வந்தபோது இருந்த சலிப்பு போன இடம் தெரியவில்லை.

"பார்த்தீங்களா மேடம்! ஒரே ஒரு வரி! எந்தப் புது மொழியில இது நடக்கும்? மடலை நானே போடறேன். வேற யாருக்கும் குடுக்க வேண்டாம். முதல் பக்கம் முழுக்க இதுதான். அந்தச் 'செத்துப்போச்சு' ஆசாமி இனிமே குழுவுல தலை காட்டட்டும், பார்க்கறேன்."

பானு மேசைமேல் இருந்த கைப்பேசியைப் பார்த்தார்.

"தலைப்பு மட்டும் நீங்க சொல்லணும். 'மிர்லா வாழ்கிறது'ன்னு போடலாமா? இல்ல, கொஞ்சம் காரமா, 'செத்தது என்று சொன்னவர் எங்கே?' அப்படிப் போடலாமா? இல்லன்னா…"

பானு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, கைப்பேசியை மேசைமேல் மெல்ல அவர் பக்கம் தள்ளினார்.

"தெருக்குழாய்ல தண்ணி வந்துதா சார்?"