வெண்ணி கல்லில் வைத்த சாட்சி

தென்கோடிப் பனிக் கண்டத்தில் மனிதர் காலடி படாத அந்தக் காலத்தில், அங்கிருந்த பறவைகளுக்கும் கடல்நாய்களுக்கும் ஒரே மொழிதான். பெங்குவின் பேசினால் கடல்நாய்க்குப் புரியும். கடல்நாய் முனகினால் மேலே பறந்து போகிற பறவைக்குப் புரியும். ஆண்டில் பாதி நாள் சூரியன் எழாது, பாதி நாள் மறையாது. சூரியன் இல்லாத மாதங்களில் கடல் உறைந்து, கரையிலிருந்து வெளியே வெளியே வளர்ந்துகொண்டு போகும். சூரியன் திரும்பியதும் அந்தப் பனி விளிம்பில் உடைந்து உடைந்து கரைப்பக்கம் பின்வாங்கும். எந்த ஆண்டு எவ்வளவு தூரம் வளரும், எப்போது பின்வாங்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பனி முடிகிற இடத்தில்தான் தண்ணீர். தண்ணீரில்தான் சாப்பாடு.

கரையில் கூழாங்கற்கள் நிறைந்த ஒரு சரிவில் பெங்குவின்கள் கூட்டமாக முட்டையிட்டு வந்தார்கள். கல் பொறுக்கிக் கூடு கட்டுவதில் கெட்டிக்காரியான கல்லடுக்கி அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள். சரிவுக்கு மேலே பாறையில் ஒரு வெடிப்பு. அதற்குள் வெண்ணி தன் துணைவனோடு குடியிருந்தாள். அவள் புறா அளவே இருக்கும் கடற்பறவை. அலகும் கண்ணும் கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளைவெளேர் என்றிருக்கும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடுவாள். வெடிப்புக்கும் மேலே, பாறை உச்சியில், சூறையன் என்ற பழுப்புப் பறவை இருந்தான். அவனுக்குப் பெரிய சிறகு, வளைந்த அலகு.

பெங்குவின்களுக்குப் பறக்கத் தெரியாது. குளிர்காலத்தைக் கிழக்கே கழித்துவிட்டுக் கரையோரமாகவே நடந்து வருவதால், நேரே கடல்பக்கம் பனி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்றும் தெரியாது. அதனால் சூரியன் திரும்பும் பருவத்தில், முட்டையிடும் முன், தண்ணீர் எவ்வளவு தூரம் என்று சூறையனிடம்தான் கேட்பார்கள். அவன் உயரப் பறந்து பார்த்து வந்து சொல்வான். மூன்று நாள் நடை, நான்கு நாள் நடை என்றால் அங்கேயே முட்டையிடுவார்கள். அதற்கு மேல் என்றால் கிழக்கே இருந்த விரிகுடாவுக்குப் போய்விடுவார்கள். அங்கே மலையிலிருந்து இறங்குகிற காற்று பனியை ஓயாமல் வெளியே தள்ளும். அதனால் தண்ணீர் எப்போதும் பக்கத்திலேயே திறந்திருக்கும். கூடு கட்டக் கல் மட்டும் கிடைக்காது. கல் இல்லாத ஊருக்குப் போக யாருக்கும் மனம் வராது. ஆனாலும் சூறையன் தூரம் என்று சொன்னால் போய்த்தான் ஆக வேண்டும். இத்தனை ஆண்டுகளும் அவன் சரியாகத்தான் சொல்லி வந்தான்.

ஓர் ஆண்டு பனி ஒரேயடியாக வளர்ந்துவிட்டது. வெண்ணி விளிம்பு வரை போய்த் திரும்பியவள், அவளுக்குத் தெரியும். பெங்குவின் நடையில் பன்னிரண்டு நாள். சூறையனுக்கும் தெரியும். ஆனால் அந்த ஆண்டு அவனும் பசியோடிருந்தான். பெங்குவின்கள் கிழக்கே போய்விட்டால் அவனுக்கு முட்டையும் கிடையாது, குஞ்சும் கிடையாது. கூட்டம் கூடிக் கேட்டபோது அவன் மூன்று நாள் என்றான்.

கல்லடுக்கிக்கு என்னவோ உறுத்தியது. பாறை வெடிப்பில் உட்கார்ந்திருந்த வெண்ணியை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, நீயும் நேற்றுத்தானே கடலிலிருந்து வந்தாய்? மூன்று நாள்தானா?" என்று கேட்டாள்.

வெண்ணி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் சூறையன் தாழப் பறந்து வந்து வெடிப்பின் விளிம்பில் உட்கார்ந்தான். அவன் குரலை உயர்த்தவில்லை. அக்கறையாக விசாரிப்பவன் போலத்தான் கேட்டான்.

"தங்கச்சி, இந்த ஆண்டும் ஒரே முட்டைதானே?"

வெண்ணி அவனைப் பார்த்தாள். பிறகு கீழே கல்லடுக்கியைப் பார்த்தாள். "நான் கவனிக்கவில்லை" என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. பெங்குவின்கள் கல் பொறுக்கத் தொடங்கினார்கள். கல்லடுக்கி இரண்டு முட்டைகள் இட்டாள். அவற்றைத் துணைவனின் வயிற்றுக்கடியில் ஒப்படைத்துவிட்டு, மற்றப் பெண்களோடு சேர்ந்து தண்ணீரைத் தேடி நடந்தாள். எட்டு நாளில் திரும்பிவிடுவேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் தண்ணீர் வரவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைதான். இன்னும் சிறிது தூரம்தான் இருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நடந்தார்கள். ஆறாம் நாள் சிலர் திரும்பிவிடலாம் என்றார்கள். வெறும் வயிற்றோடு திரும்பி என்ன செய்வது என்று மற்றவர்கள் கேட்டார்கள். பன்னிரண்டாம் நாள் கடலைப் பார்த்தபோது பாதிப் பேருக்கு அதில் குதிக்கக்கூடத் தெம்பில்லை.

கரையில் ஆண்கள் அடைகாத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வந்த நாளிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. எட்டு நாள் போனது, பதினைந்து நாள் போனது. இருபதாம் நாளுக்கு மேல் ஒவ்வொருவராக எழுந்து, முட்டையை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, கடல் இருக்கும் திசையில் நடந்தார்கள். அவர்கள் எழுந்த இடத்தில் சூறையன் இறங்கினான்.

வெண்ணி எல்லாவற்றையும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் முட்டையிட்டிருந்தாள். அவள் துணைவன் கடலுக்குப் போனால் அவள் அடைகாப்பாள், அவள் போனால் அவன் அடைகாப்பான். பறக்கிறவர்களுக்குப் பன்னிரண்டு நாள் தூரம் ஒரு பொருட்டில்லை. வெடிப்புக்குள் திரும்பிச் சுவரைப் பார்த்தபடி அடைகாக்கப் பழகிக்கொண்டாள். ஆனாலும் சத்தம் கேட்கத்தான் செய்தது.

கல்லடுக்கி திரும்பி வந்தபோது முட்டையிட்டு இருபத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அவள் துணைவன் எழுந்து போயிருக்கவில்லை. அவள் அடுக்கிய கற்களின் நடுவே, முதுகில் பனி மூடி, அப்படியே கவிழ்ந்து கிடந்தான். அவனுக்கடியில் இரண்டு முட்டைகளும் உடையாமல் இருந்தன. இரண்டும் கல்லைப் போலச் சில்லிட்டிருந்தன. அவளுடைய வயிறு நிறையச் சாப்பாடு இருந்தது. கொடுக்க யாரும் இல்லை.

திரும்பி வந்தவர்கள் எல்லோரும் ஒரு நாள் சூறையனின் பாறைக்குக் கீழே கூடி, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார்கள். அவன் பதறவில்லை. பன்னிரண்டு என்றுதான் சொன்னேன், காற்று பலமாக இருந்தது, உங்கள் காதில் மூன்று என்று விழுந்திருக்கிறது என்றான். அவன் சொன்ன விதத்தில் ஒரு வருத்தம்கூட இருந்தது. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அன்று காற்று இருந்தது உண்மைதான் என்றான் ஒருவன். யோசித்துப் பார்த்தால் பன்னிரண்டு என்று என்னவோ கேட்ட மாதிரிதான் இருக்கிறது என்றாள் இன்னொருத்தி. இறந்தவர்களுக்குத்தான் சரியாகக் கேட்டிருக்கும். அவர்களைக் கேட்க வழியில்லை.

கல்லடுக்கி வெடிப்பை நிமிர்ந்து பார்த்தாள். இந்த முறை அவள் எதுவும் கேட்கவில்லை.

வெண்ணி அப்போதுதான் கடலிலிருந்து வந்திருந்தாள். அவளுடைய குஞ்சு பொரித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. துணைவன் இரை தேடப் போய்விட்டான். குஞ்சுக்கு ஊட்ட வேண்டிய சாப்பாடு முழுவதும் அவள் வயிற்றில் எண்ணெயாகக் கரைந்து, வெதுவெதுப்பாக இருந்தது. சூறையன் முன்பு உட்கார்ந்த அதே விளிம்பில் வந்து உட்கார்ந்தான்.

"வெண்ணிதான் அன்றைக்கே சொன்னாளே, கவனிக்கவில்லை என்று."

"கவனித்தேன்" என்றாள் வெண்ணி. அவள் குரல் கீழே வரை கேட்டது. "பன்னிரண்டு நாள் தூரம். நீ மூன்று என்று சொன்னாய். எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் பேசாமல் இருந்துவிட்டேன்."

வெறும் வாயால் யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம், இதற்கு என்ன சாட்சி என்று சூறையன் கேட்டான். கேட்டுக்கொண்டே கழுத்தை வெடிப்புக்குள் நீட்டினான். குஞ்சு அவனுடைய அலகுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.

அதுவரை அவள் இனத்தில் யாரும் செய்யாத ஒன்றை வெண்ணி அப்போது செய்தாள். வயிற்றில் இருந்ததை எல்லாம், குஞ்சுக்கென்று நாள் முழுக்கப் பறந்து தேடிக் கொண்டுவந்ததை எல்லாம், அவன் முகத்தில் துப்பினாள்.

செக்கச்சிவந்த எண்ணெய் அவன் கண்ணிலும் கழுத்திலும் மார்பிலும் வழிந்தது. அந்த நாற்றம் தாங்காமல் கீழே நின்றவர்களே விலகினார்கள். சூறையன் பின்வாங்கி, சிறகை உதறி உதறிப் பார்த்தான். இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவனால் பறக்க முடியவில்லை. பாறையில் தடுமாறி இறங்கி, பனியில் மார்பைத் தேய்த்துக்கொண்டே நடந்து போனான். மிச்சம் கல்லில் வழிந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெழுகைப் போல இறுகியது.

மூழ்கன் என்ற கடல்நாய் கரையில் படுத்திருந்தான். பனியில் பல்லால் ஓட்டை போட்டு, ஆழத்தில் முங்கி இரை பிடிப்பவன். அவன் மெல்ல மேலே நகர்ந்து வந்து அந்தக் கல்லை மோந்து பார்த்தான். இது கூனி, வெளிக்கடலில் மட்டும் கிடைக்கிற சிவப்புக் கூனி இறால் என்றான். கரையோரம் தண்ணீர் திறந்திருந்தால் வெண்ணி இதைத் தேடி அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டாள், பக்கத்திலேயே வெள்ளை மீன் தின்றிருப்பாள் என்றான். பிறகு பல்லால் கல்லைச் சுரண்டினான். புதிதாக வழிந்ததற்கு அடியில், இந்தப் பருவம் முழுவதும் குஞ்சுக்கு ஊட்டும்போதும் துணைவனுக்குக் கொடுக்கும்போதும் சிந்தியவை படிந்திருந்தன. எல்லாம் சிவப்பு. அதற்கும் அடியில் போன ஆண்டுப் படிவு வெளிறிப்போய், மீன் வாடை அடித்தது.

அதற்கு மேல் யாரும் காற்றைப் பற்றிப் பேசவில்லை.

வெண்ணிக்குக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. குஞ்சைத் தனியே விட்டுவிட்டுக் கடலுக்குப் போகவும் முடியாது. துணைவன் மூன்றாம் நாள் வந்துவிடுவான் என்று குஞ்சை அணைத்துக்கொண்டு காத்திருந்தாள். மறுநாள் பனிப்புயல் பிடித்தது. அவன் ஆறாம் நாள்தான் வந்தான்.

புயல் ஓய்ந்தபின் கல்லடுக்கி பாறையில் தத்தித் தத்தி ஏறி வந்து வெடிப்புக்கு வெளியே நின்றாள். உள்ளே குஞ்சு உயிரோடு இல்லை என்று அவளுக்குப் பார்த்ததும் தெரிந்தது.

"நீ அன்றைக்கே சொல்லியிருந்தால்..." என்று தொடங்கிய கல்லடுக்கி நிறுத்திக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள் வெண்ணி.

அந்தக் கோடையின் கடைசியில் சில நாள் வெயில் உறைத்தது. கரைப் பாறைகள் ஈரமாயின. வெடிப்பின் முன்னால் இறுகியிருந்த சிவப்பும் அதன் அடியில் இருந்த வெளுப்பும் இளகி, உருகும் பனியோடு கலந்து கடலுக்கு வழிந்து போயின. கல் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பத்து நாள் கழித்து, கீழே இரண்டு பெங்குவின்கள் பேசிக்கொண்டிருந்தது வெண்ணியின் காதில் விழுந்தது. சூறையன் அப்படியொன்றும் கெட்டவன் இல்லை என்றும், அன்று காற்று நிஜமாகவே பலமாக இருந்தது என்றும் அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெண்ணி கல்லடுக்கியிடம் போய், நாங்கள் இந்தக் கரையை விட்டுப் போகிறோம் என்றாள். கண்டத்தின் உள்ளே, ஒரு முழு நாள் பறக்கிற தூரத்தில், பனிக்கு மேலே கறுத்த மலை முனைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே புல் இல்லை, பூச்சி இல்லை, தண்ணீர் இல்லை. ஒரு நாளும் எதுவும் உருகுவதில்லை.

"அப்படியானால் அடுத்த ஆண்டு நாங்கள் யாரைக் கேட்பது?"

"யாரையும் கேட்காதீர்கள். நீங்களே நடந்துபோய்ப் பாருங்கள். என்னையும் கேட்காதே. பயம் வந்தால் நான் மறுபடியும் கவனிக்கவில்லை என்றுதான் சொல்வேன். என் வாயை எனக்குத் தெரியும். அந்தக் கல்லில் விழுந்ததை மட்டும் என்னால் மாற்றிச் சொல்ல முடியாது. அது உருகாத இடத்தில் இருக்கட்டும்."

"அவ்வளவு தூரம் எங்களால் வர முடியாதே, அக்கா."

"வர முடிந்தவர்கள் எப்போதாவது வரட்டும்" என்றாள் வெண்ணி.

அவளும் துணைவனும் மலை முனையில் ஒரு வெடிப்பைப் பிடித்துக்கொண்டார்கள். கடலுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம், குஞ்சுக்கு ஊட்டும் முன் வாசலில் கொஞ்சம் சிந்தினார்கள். அவர்களுக்குப் பின் அவர்கள் மகள் அதே வெடிப்பில் இருந்தாள், பிறகு அவள் மகள். பனி தூரம் போன ஆண்டுகள் சிவப்பாகவும், கரையோரம் தண்ணீர் திறந்த ஆண்டுகள் வெளுப்பாகவும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்தன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதைப் பார்க்க யாரும் வரவில்லை. அதற்குள் உயிர்களுக்குள் இருந்த அந்த ஒரே மொழியும் போய்விட்டது.

இப்போது மனிதர்கள் வருகிறார்கள். தடித்த அங்கியும் உளியும் சிறு பைகளுமாக அந்த மலை முனைகளில் ஏறி, வெடிப்புகளின் வாசலில் இறுகிக் கிடக்கும் அந்தப் படிவைத் துண்டு துண்டாகப் பெயர்த்து எடுத்துப் போகிறார்கள். எந்தக் காலத்தில் பனி எதுவரை இருந்தது என்று அதை அடுக்கடுக்காகப் பிரித்துப் படிக்கிறார்கள். எடுக்கக் குனியும்போது அவர்கள் அங்கியிலும் அந்தச் சிவப்பு எண்ணெய் வந்து விழுகிறது. எத்தனை முறை துவைத்தாலும் நாற்றம் போவதில்லை. அவர்கள் அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் குனிகிறார்கள்.

அந்தக் கோடையிலிருந்துதான் வெள்ளைப் பறவை கடலை விட்டு அத்தனை தூரம் தள்ளி வெறும் கல்லில் முட்டையிடுகிறது. வாசலுக்கு யார் வந்தாலும் முதலில் துப்பிவிடுகிறது. வந்தவர் கேட்க வந்தவரா, மிரட்ட வந்தவரா என்று அது பொறுத்திருந்து பார்ப்பதில்லை.