முன் பலகை

"மூணு தடவை அடிச்சேனுங்க தாயீ. மூணு தடவையும் பிடுங்கிட்டேன்."

நாச்சிமுத்து கையில் இருந்த ஆணிகளைத் தரையில் வைத்தார். எல்லாம் வளைந்த ஆணிகள்.

மடத்து அம்மை வெண்டைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

மடம் என்று பெயர்தான். ஓட்டுக்கூரை, ஒரு கிணறு, நாலு பாத்தி காய்கறி. அம்மைக்கு நாற்பது வயது, நாச்சிமுத்துவுக்கு அறுபத்தாறு. வயதைப் பார்த்துக் குருவைத் தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. அதனால் அங்கே கூட்டமும் இல்லை.

"எதை அடிச்சீங்கண்ணா?"

"படகுல பின் பலகையைத்தானுங்க. துடுப்புப் போடுறவன் உக்கார்ற பலகை. எத்தனை உசரம்னு ஞாபகமே வரமாட்டீங்குது."

"மத்ததெல்லாம் ஞாபகம் இருக்குதுங்களா?"

"கண்ணை மூடினா அப்படியே தெரியுதுங்க."

சும்மா சொல்லவில்லை. பழைய படகு அவர் தம்பி மாரப்பன் செய்தது. மாரப்பன் தச்சர். அடி தட்டை, முன்னும் பின்னும் தூக்கிய மூக்கு. பவானியில் பாறைக்கு நடுவே இறங்கிப் போவதற்கு என்றே செய்த படகு. தம்பி இறந்த வருஷமே வெள்ளம் அதைக் கொண்டு போய்விட்டது.

மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற நாச்சிமுத்து, ஒன்றரை வருஷமாக வீட்டு வாசலில் தகரக் கொட்டகை போட்டு, அதே படகை மறுபடி செய்துகொண்டிருந்தார். இழைப்புளி பிடிக்கப் பழகவே ஆறு மாதம் ஆனது. விரல்களில் பாதிக்கு நகம் இல்லை.

"எப்போ தண்ணியில விடறீங்க?"

"தை அமாவாசைக்குங்க. தம்பி போய் அன்னிக்கோட மூணு வருசம். பாலத்துக்கிட்ட படகேறி, கோயில் படித்துறையில இறங்கோணும். ஒரே ஒருக்கா போயிட்டு வந்தாப் போதும், மனசு ஆறிரும். பின் பலகை இல்லாம எப்படிங்க போறது?"

"யாரு துடுப்புப் போடுவாங்க?"

நாச்சிமுத்து ஆணிகளைப் பார்த்தார்.

"அது... பாத்துக்கலாமுங்க."

ஒன்றரை வருஷத்தில் அவர் அதை யோசித்திருக்கவில்லை.

அம்மை வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

"வாங்க, பாக்கலாம்."

*

படகு அழகாகத்தான் இருந்தது. மாம்பலகை, எண்ணெய் குடித்துப் பளபளத்தது. முன் பலகை மட்டும் தேக்கு. முழங்காலை முட்டுக் கொடுக்க அதன் எதிரே பிறை போல வெட்டிய கட்டை. பக்கத்தில் தூண்டில் டப்பா மாட்ட ஒரு கொக்கி.

"இது நான் உக்கார்ற இடமுங்க." நாச்சிமுத்து தேக்கைத் தடவினார். "'அண்ணனுக்கு எத்தனை உசரம் வேணும்?'னு கேட்டான். 'உசரமா வெய்டா, ஆறு பூராத் தெரியட்டும்'னேன். ஒரு முழம் வெச்சான். இதுவும் ஒரு முழந்தானுங்க."

"அவர் எங்க உக்காருவார்?"

"எனக்குப் பின்னாடி."

"எந்தப் பக்கம் பாத்து?"

"அவனும் முன்னாடிதான் பாக்கோணும். இந்தப் படகை ஆறுதானுங்க ஓட்டும். துடுப்புக்காரன் எதிர்த்து இழுத்து, வேகத்தைக் குறைச்சு, பாறையில மோதாமக் கொண்டு போகோணும்."

அம்மை படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க."

கேட்கவா வேண்டும்? நாச்சிமுத்து ஆரம்பித்துவிட்டார்.

"மார்கழித் தண்ணி அடிமண்ணு தெரியுங்க. எஸ்டேட்டு டாக்டர் ஒருத்தர் பழக்கி விட்டது இது. புழு வேண்டாம், மாவு வேண்டாம். கோழி இறகைத் தூண்டில்ல கட்டி வீசினா, பூச்சின்னு நெனச்சு மீனு எந்திரிச்சு வரும். சேவல் கழுத்து இறகு. சிவப்பு நூல். கல்லுக்குப் பின்னாடி தண்ணி சுத்துற இடத்துல வீசோணும். கெண்டை வந்து வாங்கும் பாருங்க, தோள் வரைக்கும் இழுக்கும்! இருபத்திரண்டு வருசமுங்க. ஒரு ஞாயித்துக்கெழமை விட்டதில்ல."

"மாரப்பன் மீன் பிடிப்பாரா?"

"அவனுக்கு அதெல்லாம் பிடிக்காதுங்க."

"சொன்னாரா?"

"நான் கேட்டதில்லீங்க." சட்டென்று அவருக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு பெரிய சாக்கை மடிச்சுக் கக்கத்துல வெச்சுக்கிட்டு வருவான். 'ஏன்டா, இது ரொம்புற அளவுக்கு எவன்டா மீனு குடுப்பான்?'னு கேப்பேன். சிரிப்பான். பதிலே சொல்ல மாட்டான்."

"படகுல பேச மாட்டாரா?"

"எப்பவாச்சும் 'அண்ணா, சித்தெ...'ம்பான். 'பேசாம வாடா, மீன் ஓடிரும்'பேன். சும்மா இருப்பான்."

நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"வீட்டுக்கு வந்ததும் குப்புறப் படுத்துக்குவான். அவன் சம்சாரம் இடுப்புக்கு ஒத்தடம் குடுக்கும். 'உக்காந்துக்கிட்டே வந்தவனுக்கு இடுப்பு வலியாடா?'னு ஊரு பூராச் சொல்லிக் கேலி பண்ணுவேன். அப்படி ஒரு காலமுங்க. இனி வருமா?"

அம்மை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

படகில் ஏறினார். நேரே போய் முன் பலகையில் உட்கார்ந்தார். சுவரில் சாய்த்திருந்த தூண்டில் கோலை எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பின்னாடி உக்காருங்கண்ணா."

"தண்ணியே இல்லீங்களே."

"உக்காருங்க."

பலகை இல்லாத இடத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு நாச்சிமுத்து உட்கார்ந்தார். துடுப்புகளை மாட்டினார். படகின் வெளிப்பக்கம், தண்ணீர் எதுவரை ஏறும் என்று அவரே சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருந்தார்.

"எதிர்ல ஆட்டுக்கல்லு கிடக்குது பாருங்க. அதுதான் பாறை," என்றார் அம்மை. "மோதாமக் கொண்டு போங்க. சுண்ணாம்புக் கோட்டைத் துடுப்பு தொடணும். தொடலைன்னா அது காத்துல போடுற துடுப்பு."

நாச்சிமுத்து இழுத்தார். துடுப்பு கோட்டைத் தொட்டது.

ஆனால் ஆட்டுக்கல் தெரியவில்லை. எதிரே அம்மையின் முதுகு.

அம்மை குள்ளம்தான். பலகை உயரம்.

இடது பக்கம் சாய்ந்து பார்த்தார். வலது பக்கம் சாய்ந்து பார்த்தார். ஒரு துடுப்பைத் தூக்கினால்தான் சாய முடிந்தது.

"தாயீ, கல்லு தெரியலீங்க. சித்தெ குனிஞ்சு..."

அம்மை திரும்பவில்லை.

"பேசாம வாடா, மீன் ஓடிரும்."

நாச்சிமுத்துவின் கை நின்றது. பிறகு மறுபடி இழுத்தார்.

வேறு வழி இல்லை, உயரமாக உட்கார வேண்டும். சுற்றிலும் தேடினார். மரத்தூள் அள்ளுகிற சாக்கு ஒன்று கிடந்தது. அதை நாலாக மடித்தார். வாளி மேல் போட்டார். உட்கார்ந்தார்.

அம்மையின் தோளுக்கு மேலே ஆட்டுக்கல் தெரிந்தது.

இழுத்தார். துடுப்பு கோட்டுக்கு ஒரு சாண் மேலேயே நின்றது.

குனிந்து இழுத்தார். தொட்டது. கல்லைப் பார்க்கத் தலையைத் தூக்கினார். துடுப்பு மேலே வந்துவிட்டது. தலையைத் தூக்கிக்கொண்டே இடுப்பை மடக்கினார். இப்போது கல்லும் தெரிந்தது, துடுப்பும் தொட்டது.

அப்படியே இழுத்தார். பத்துத் தடவை. இருபது தடவை.

அம்மை ஆற்றைப் பார்ப்பது போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ரவிக்கையின் தோளில் தையல் விட்டு, வேறு நிற நூலால் தைத்திருந்தது. பின்னங்கழுத்தில் ஒரு மச்சம். நாச்சிமுத்துவுக்குப் பார்க்க வேறு ஒன்றும் இல்லை.

முப்பதாவது இழுப்பில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

குனிந்தபடியே, உட்கார்ந்திருந்த சாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

நெடுநேரம் தொட்டுக்கொண்டே இருந்தார்.

"பாலத்துல இருந்து படித்துறை எத்தனை தூரமுங்கண்ணா?" அம்மை திரும்பாமலே கேட்டார்.

"நாலு மைலுங்க." விரல் சாக்கின் மடிப்பை விடவில்லை. "நாலு மைலு... இருபத்திரண்டு வருசம்..."

அதற்கு மேல் முடியவில்லை. துடுப்பின் மேல் தலையைச் சாய்த்து அழுதார். கேலி செய்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து அழுதார்.

அம்மை அப்போதுதான் திரும்பினார்.

"பலகை உசரம் தெரிஞ்சுதுங்களா?"

நாச்சிமுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இடுப்பைப் பிடித்தபடி இறங்கி, குறடும் ரம்பமும் எடுத்து வந்தார். அம்மையைக் கை கொடுத்து இறக்கிவிட்டார்.

பிறகு முன் பலகைக்குப் போய், அந்தத் தேக்கில் முதல் ஆணியைப் பிடுங்கினார்.

"பின் பலகை கேட்டுத்தானே வந்தீங்க?" என்றார் அம்மை.

"இதுதானுங்க தாயீ உசரம். மொதல்ல இதை இறக்கோணும்."