லெப்ட் கார்னருக்கு ஆள் எடுத்த கதை

நான் சொல்லப்போறது அம்புட்டும் நெசம். இதுல ஒரு சொல்லு பொய்யின்னா, அடுத்த கபடி மேட்ச்சுல வர்ணனை சொல்ல நான் மைக்கப் புடிக்கையில கரண்டு அடிச்சு என் நாக்கு கருவாடாப் போவட்டும். போதுமா? இன்னும் நம்பாதவன் எந்திரிச்சுப் போங்க. இருக்கவனுக்காவது காத்து வரும்.

எங்க ஊரு ஓடைக்கரைப்பட்டி. அங்க கபடிக் கிளப்புக்குச் செயலாளர் கோயில்பிச்சை அண்ணாச்சி. வயசு அம்பதத் தாண்டிட்டு. அவருக்கு ஒரு குரு உண்டு. குருன்னதும் தாடியும் கமண்டலமும்னு நெனைச்சியளோ? பொம்பள. அண்ணாச்சிய விட இருவது வயசு எளையவ. பேச்சித்தாய் டீச்சர். பொம்பளப் பிள்ளையளுக்குக் கபடி சொல்லிக்குடுக்காவ.

அண்ணாச்சி சிஷ்யனான கூத்த ஊரே பாத்துச்சு. "பொம்பளப் புடியெல்லாம் ஒரு புடியா?"ன்னு ஒருநாள் களத்து ஓரமா நின்னு சிரிச்சாரு. டீச்சர் கோவப்படல.

"ஒரு தடவ ஏறி வாங்க அண்ணாச்சி"ன்னாவ.

இவரும் மீசையத் தடவிக்கிட்டு ஏறிப் போனாரு. கணுக்கால்ல ஒரு புடி. வாய் நெறைய மண்ணு. மண்ணத் துப்பிட்டு எந்திரிச்சுக் கும்பிட்டாரு பாருங்க, அன்னையிலேருந்து டீச்சரம்மா சொல்லுததுதான் வேதம்.

அப்பிடி இருக்கையில, ஒருநாள் மணல்விளையிலேருந்து போன் வந்துச்சு. அந்த ஊரு கிளப்பு மேனேஜர் வேலாயுதம்.

"அண்ணாச்சி, நம்ம ஜெபஸ்டினத் தாரேன். எடுத்துக்கிடுதியளா?"

அண்ணாச்சிக்குப் போனு கை நழுவப் பாத்துச்சு. ஜெபஸ்டின்னா சும்மாவா? மீசை கூட ஒழுங்கா மொளைக்காத பய. லெப்ட் கார்னர், அதாவது எடது மூலையில நிக்கவன். ஏறி வாரவன் கணுக்கால்ல அவன் கண்ணு விழுந்துட்டுன்னா, அந்தக் கால அவனவன் வீட்டுக்குக் கொண்டு போவ முடியாது. எங்களுக்கு அந்த மூலைதான் ஓட்டை. வருசா வருசம் செமிபைனல்ல அந்த மூலை வழியாத்தான் எல்லாப் பயலும் வந்து தொட்டுட்டு, டாட்டா காட்டிட்டுப் போறான். ஊர்க் கமிட்டிக்காரங்க வேற, "இந்தத் தடவையும் தோத்தா களத்த அழிச்சுட்டு ஷட்டில் கோர்ட்டு போட்டுருவோம்"னு சொல்லிட்டாங்க. அண்ணாச்சிக்குப் பிள்ள குட்டி கெடையாது. அந்தக் களந்தான் எல்லாம்.

"பதிலுக்கு?"ன்னாரு அண்ணாச்சி.

"வளந்து வார பயலுவ ரெண்டு பேரத் தாங்க. இசக்கி, கில்பர்ட்டு. அப்பிடியே அந்தப் பால்துரையையும் கொசுறாப் போட்டு விடுங்க."

"கொசுறுதானே? கூட்டிட்டுப் போ."

"சனிக்கெழம பொழுதடையுததுக்குள்ள சொல்லிருங்க. இல்லைன்னா வேற ஆளு நிக்கான்."

போன வச்சதும் அண்ணாச்சிக்குச் சந்தேகம் புடிச்சுட்டு. சிரங்கு மாதிரி. சொறிய சொறியக் கூடுது.

"ஏல, இம்புட்டு நல்லவன எதுக்குத் தாரான்?"ன்னு எங்கிட்ட கேட்டாரு.

"உங்க மேல ஒரு பிரியமா இருக்கும்"ன்னேன்.

"போலே! அவன் எனக்கு இதுவர ஒரு கலர் சோடா வாங்கித் தந்தது கெடையாது. பையனத் தாரானாம்! கறக்குற மாட்ட எவனாவது சந்தைக்கு ஓட்டுவானா?"

செல்போன்ல ஜெபஸ்டின் ஆடுன வீடியோவப் போட்டாரு. மூக்கு திரையில முட்டுத அளவுக்குக் குனிஞ்சு பாத்தாரு.

"இந்தா பாரு! எடது மூட்டு இழுக்கு!"

"மூட்டு இழுக்கல அண்ணாச்சி. நெட்டு இழுக்கு."

அப்பமும் விடல. குடிப்பானோ, களவு எடுப்பானோ, எவளையாவது இழுத்துட்டு ஓடப் போறானோ, வலிப்பு கிலிப்பு இருக்குமோ. கடைசியில என்னையவே வேவு பாக்க அனுப்பிட்டாரு.

"மணல்விளைக்குப் போயி விசாரிச்சுட்டு வா. யாருக்கும் தெரியப்பிடாது."

பாதி வழியில பஸ்ஸு மாறணும். அங்கன எறங்குதேன், எதுத்தாப்புல நிக்கான் தங்கப்பழம். மணல்விளையில மைக்கு புடிக்கவன். என் தொழில்காரன்.

"எங்க வே கெளம்பிட்டீரு?"ன்னான்.

"பல்லு புடுங்க. உங்க ஊர்ல வலிக்காமப் புடுங்குதாங்களாம்லா."

"அப்பிடியா? உங்க ஊர்லதான் வலிக்காதுன்னு நான் அங்க போறேன்."

ரெண்டு ஊருலயும் பல்லு டாக்டரே கெடையாது.

"சரி, சொல்லும். இசக்கிக்கும் கில்பர்ட்டுக்கும் என்ன கொறை?"ன்னான் அவன்.

"ஒரு கொறையும் இல்ல. தங்கம்."

"பின்ன எதுக்கு வே தாரிய?"

"உங்க ஜெபஸ்டினுக்கு என்ன கொறை?"

"சொக்கத் தங்கம் வே."

"பின்ன நீங்க எதுக்குத் தாரிய?"

ஆளுக்கு ஒரு டீயக் குடிச்சுட்டு வந்த பஸ்ஸுலயே திரும்பிட்டோம்.

"ஒரு கொறையும் இல்லையாம் அண்ணாச்சி"ன்னேன்.

அவருக்கு மூஞ்சி இருண்டு போச்சு.

"அப்பம் பெரிய கொறையாத்தான் இருக்கும்."

சனிக்கெழம காலையில என்னையும் இழுத்துக்கிட்டு டீச்சரப் பாக்கப் போனாரு. டீச்சர் வாளியில சுண்ணாம்புப் பொடி வச்சுக்கிட்டு களத்துக்குக் கோடு போட்டுக்கிட்டு இருந்தாவ. பொம்பளப் பிள்ளையளெல்லாம் ஒடம்ப வளைச்சுக்கிட்டு நின்னதுவ.

"அண்ணாச்சி, காலைச் சாப்பாட்டுக்கு மண்ணு திங்க வந்தியளா?"ன்னு ஒரு குட்டி கேட்டா.

"உங்க டீச்சர் கையால தந்தா மண்ணும் மருந்துதான், போடி"ன்னாரு இவரு. பெறவு டீச்சர் பக்கம் திரும்பி, கையக் கட்டிக்கிட்டு, விசயத்த மொத்தமும் சொன்னாரு.

"எடுக்கலாமா, வேண்டாமா டீச்சரம்மா?"

டீச்சர் கோட்ட முடிச்சுட்டு நிமிந்தாவ.

"யாரு மேல எல்லாம் சந்தேகப்பட்டிய?"

"பையன் மேல."

"பெறவு?"

"வேலாயுதம் மேல. அவன் கிளப்பு மேல. இந்தா நிக்கானே, இந்தப் பய மேலயும்தான். இவன் மணல்விளைக்குப் போயிருக்கவே மாட்டான்."

நான் வானத்தப் பாத்தேன். நல்ல வெயிலு.

"பால்துரை மேல?"

"அவன் மேல என்னத்தச் சந்தேகப்பட? அவன் கொசுறு."

"காய்க் கடையில கொசுறு கேட்டா என்ன தருவான் அண்ணாச்சி?"

"கறிவேப்பில தருவான், மல்லி தருவான். கைக்கு வந்தத அள்ளிப் போடுவான்."

"உள்ள அடியில கெடக்குத அந்தக் கொத்துதான் வேணும்னு வெரல நீட்டிக் கேப்பியளா?"

"கொசுறுல போயி யாரு பாத்துக் கேப்பா?"

"வேலாயுதம் பேரு சொல்லிக் கேட்டானா, இல்ல நீங்களாக் குடுத்தியளா?"

"பேரு சொல்லித்தான் கேட்டான். ஆனா டீச்சரம்மா, அந்தப் பய ஏறியே போவ மாட்டான். தனியா ஒருத்தனையும் புடிச்சது கெடையாது. பக்கத்துல நிக்கவன் கையப் புடிச்சுக்கிட்டு நிப்பான். அம்புட்டுத்தான்."

"போன மாசம் மணல்விளையோட சும்மா ஒரு ஆட்டம் போட்டியளே. அன்னைக்குப் பால்துரை பக்கத்துல நிக்கையில உங்க ஓட்டை மூலையில ரெண்டு பேரு மாட்டுனாங்கள்லா?"

"அது குருட்டு அதிஷ்டம்."

"வேலாயுதம் அன்னைக்கு எங்க நின்னான்?"

"அந்த மூலைக்கு எதுத்தாப்புலதான் நின்னான்."

டீச்சர் வாளியக் கீழ வச்சாவ. பிள்ளையளப் பாத்துத் தலைய ஆட்டுனாவ. அதுவ எல்லாம் களத்த விட்டு வெளிய போயிட்டு.

"லெப்ட் கார்னர்ல போயி நில்லுங்க."

"நானா?"

"ஜெபஸ்டின் வந்தா நிக்கப் போற எடந்தானே. நீங்க ஒரு தடவ நின்னு பாருங்க."

அண்ணாச்சி வேட்டியத் தார்ப்பாச்சிக் கட்டிக்கிட்டு மூலைக்குப் போனாரு. பாவமா இருந்துச்சு, நானும் கூட நிப்போம்னு ஒரு எட்டு வச்சேன்.

"நீ எங்க போற?"

"சும்மா பக்கத்துல…"

"வெளிய நில்லு."

அம்மாம் பெரிய களத்துல ஒத்த ஆளா நின்னாரு. டீச்சர் கோட்டத் தொட்டுக் கும்பிட்டு ஏறி வந்தாவ. கபடி கபடி கபடி கபடி. அண்ணாச்சி குனிஞ்சு, கண்ண டீச்சர் காலு மேல வச்சாரு. இளவட்டத்துல ஆடுன ஒடம்புலா, மறக்கல. அவரு வலது கை தன்னால பக்கவாட்டுல நீண்டுச்சு.

ஆடாதவங்களுக்குச் சொல்லுதேன். இதச் சங்கிலின்னு சொல்லுவோம். மூலையில நிக்கவனும் அவன் பக்கத்துல நிக்கவனும் கை கோத்துத்தான் நிக்கணும். மூலைக்காரன் கண்ணு காலுல கெடக்கும். ஏறி வந்தவன் எப்பம் திரும்புவான்னு பாக்கது பக்கத்துல நிக்கவன். திரும்புத நேரத்துல கையில ஒரு அமுக்கு. அந்த அமுக்குலதான் மூலைக்காரன் கால்ல விழுவான். விழுந்து புடிச்சவன் பேரத்தான் நான் மைக்குல கத்துவேன். அமுக்குனவன் பேரு கைதட்டுல போயிரும்.

அண்ணாச்சி கை காத்துல தொழாவுது. டீச்சர் காலு அவரு மூக்குக்கு முன்னால வந்துச்சு. நின்னுச்சு. திரும்புச்சு. நோஞ்சான் கூடப் புடிச்சிருப்பான். இவரு விழல. வெறும் காத்தத் தடவிக்கிட்டே நின்னாரு. டீச்சர் அவரு தோள ஒரு தட்டு தட்டிட்டு, மூச்சு விடாமப் பாடிக்கிட்டே கோட்டுக்குத் திரும்பிட்டாவ. பிள்ளையளெல்லாம் விசில் அடிச்சுதுவ.

"காலு கிட்டத்துலதானே வந்துச்சு அண்ணாச்சி? ஏன் புடிக்கல?"

"எப்பம் விழணும்னு தெரியல டீச்சரம்மா. கையில ஒண்ணும் வரல."

"யாரு கையத் தேடுனிய?"

அண்ணாச்சி வாயத் தொறந்தாரு. பால்துரை பேரு ஒதட்டு வரைக்கும் வந்துட்டு.

அவரு செல்போனு எங்கிட்ட இருந்துச்சு. அந்நேரம் பாத்து அடிச்சுது. எடுத்துப் பாத்தேன். வேலாயுதம்.

"அண்ணாச்சி, மணல்விளை"ன்னேன்.

அவரு என்னையப் பாக்கல. டீச்சரப் பாத்தாரு.

"அப்பம் ஜெபஸ்டின் வேண்டாம்ங்கியளா?"

"நான் எங்க வேண்டாம்னேன்? நல்ல பையன். மூட்டும் நல்லாத்தான் இருக்கு."

"பின்ன இவனுக்கு என்ன பதிலு சொல்ல?"

டீச்சர் வாளியத் தூக்கிக்கிட்டு நடந்தாவ. திரும்பிக்கூடப் பாக்கல.

"மொதல்ல அந்தக் கைய மடக்குங்க அண்ணாச்சி. இன்னும் நீட்டிக்கிட்டே நிக்கிய."

போனு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. அண்ணாச்சி கையவும் மடக்கல, போனையும் வாங்கல.

கதை அம்புட்டுத்தான். என்ன முழிக்கிய? தொண்டத் தண்ணி வத்தக் கத்தியிருக்கேன். ரெண்டு முட்டை பரோட்டா, சால்னா தனியா, மேல ஒரு ஆம்லெட்டு. யாரு வாங்கித் தாரதுன்னு உங்களுக்குள்ள பேசிக்கிடுங்க. ஏல, அந்தா பின்னால ஒருத்தன் நைசாச் செருப்பத் தேடுதான் பாரு, அவன வெளிய விடாதிய! நல்லாச் சிரிச்சவன் அவந்தான். ஆம்லெட்டு அவன் கணக்கு.