ஏறும்

நிலத்தில் பணம் போடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறவர் தனுஷ்கோடி. "மனை விலை ஏறும். ஏறினா இறங்கவே இறங்காது." இருபது வருஷமாக அவர் சொல்லும் ஆலோசனை இது ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேரை வேனில் அழைத்துக்கொண்டு, மதுரைக்கு வெளியே தாம் விற்கும் மனைகளைக் காட்ட வந்தார்.

வந்ததும் வாட்ச்மேன் இருளாண்டியைத் தனியே கூப்பிட்டார். "யாரு என்ன கேட்டாலும் 'ஏறும்'னு மட்டும் சொல்லு. வேற வார்த்தை வாயில வந்துச்சுன்னா வேலை போயிரும்."

"சரிங்கய்யா."

வந்தவர்களில் ரெஜினா டீச்சருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. நேரே இருளாண்டியிடம் போனார். "நீங்க இங்கேயே கிடக்கிறவரு. நிஜமாவே ஏறுமா?"

"ஏறும்."

தனுஷ்கோடி மீசையைத் தடவிக்கொண்டார்.

"எவ்வளவு ஏறும்?"

இருளாண்டி முதலாளியை ஒரு தடவை பார்த்தார். பிறகு தம் காவல் அறைச் சுவரருகே போனார். சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கறை ஒரு கோடாக ஓடியது. அதில் விரலை வைத்து, "ஏறும்" என்றார் பணிவாக.

பன்னிரண்டு பேரும் குனிந்து அவரவர் இடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

தனுஷ்கோடி பதறிப்போனார். "அது மழை நேரத்துல மட்டும்தாங்க. நாலே நாள்ல இறங்கிரும்."

"ஏறினா இறங்காதுன்னீங்களே சார்?" என்றார் டீச்சர்.

வேனில் ஏறிய பன்னிரண்டு பேரும், தனுஷ்கோடி எவ்வளவோ கெஞ்சியும், இறங்கவே இல்லை.